கத்தியும் கைராசியும்

திருப்பருத்திக்குன்றத்துத் தறிக்காரர்கள் வெள்ளைப் பட்டைத் தொடுமுன் கையை இருமுறை கழுவிக்கொள்வார்கள். ஒரு சொட்டு எண்ணெய் பட்டுவிட்டால் சேலையின் விலை இறங்கிவிடும். காஞ்சிபுரத்து ஜவுளிக்கடையொன்றில் கணக்கெழுதிய நான், வாரமிருமுறை வேகவதிக் கரையோரமாகச் சைக்கிளில் சென்று நெய்து முடித்த சேலைகளை வாங்கி வருவேன். சமணக் கோயிலைத் தாண்டினால் வேப்பமரத்தடியில் எங்கள் ஒஸ்தா நாற்காலி போட்டிருப்பார். பட்டுக்காகக் கை கழுவிய அதே தறிக்காரர்கள், முன்னவர் முகத்தில் ஓடிய கத்திக்குத் தம் கன்னத்தைக் கூச்சமின்றிக் காட்டுவார்கள். நானும் காட்டினேன். எல்லாருடைய கீறலையும் ஒரே படிகாரக் கல்தான் ஆற்றிக்கொண்டிருந்தது.

என் சுன்னத்தும் அவர் கையால் நடந்ததே. 1961ஆம் ஆண்டு, பெரியத்தா வீட்டு முற்றத்தில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரே காலைப்பொழுதில் முடிந்தது. ஒரு கத்தி, ஒரு கிண்ணம், ஒரு துணிச்சுருள். கத்தியை வெந்நீரில் அலசி அடுத்த பிள்ளையிடம் வந்தார். அவர் கைராசிக்காரர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஏழே நாளில் நாங்கள் அறுவரும் எழுந்து விளையாடினோமே!

2013இல் மருமகளின் பிரசவத்துக்கு இரத்தம் தேவைப்பட்டது. கொடுத்து வந்த சில நாட்களில் இரத்த வங்கியிலிருந்து என்னை மட்டும் தனியே அழைத்தார்கள். ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்பில் இருக்கிறதாம். எனக்கு ஒரு நோவும் இல்லை. ஐம்பத்தொன்பது வயதில், வீட்டார் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஊசியும் ஒழுக்கக்கேடுமாக அந்நோயைப் பற்றி நானே எத்தனையோ பேசியிருந்தேன்.

மருத்துவர் பொறுமைசாலி. வளர்ந்தவர் உடலில் இக்கிருமி புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தாமாகவே அதை விரட்டிவிடுகிறார்கள், பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேரிடம் அது தங்கிவிடுகிறது, ஆகவே உங்களுக்கு வந்தது இளம் பிராயத்திலாக இருக்கலாம் என்றார். காய்ந்த இரத்தத் துளியிலும் ஏழு நாட்கள் உயிரோடிருக்கும் என்றும், வெந்நீரில் அலசுவது வேறு, கொதிக்கவைத்துக் கிருமியைக் கொல்வது வேறு என்றும் விளக்கினார். தாயிடமிருந்து வந்திருக்கலாம், அம்மா மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. கண்ணாடி ஊசிக்குழலை ஸ்பிரிட்டில் துடைத்துத் தெருவுக்கெல்லாம் குத்திய கம்பவுண்டரிடமிருந்து வந்திருக்கலாம். அல்லது அந்த முற்றத்திலிருந்து.

முற்றம் நினைவுக்கு வந்ததும் நெஞ்சு அடைத்தது. அறுவரில் ஒருவர், என் சின்னத்தா மகன், நாற்பத்தாறு வயதில் ஈரல் புற்றுநோயால் மவுத்தானார். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவையும் தொட்டறியாதவர். ஈரல் கெட்டது என்றதும் ஊர் தன் தீர்ப்பை எழுதிவிட்டது. "மறைவாகக் குடித்திருப்பார்" என்று மய்யித்து வீட்டுத் திண்ணையிலேயே ஒருவர் சொல்ல, நான் மறுக்கவில்லை, தலையைக்கூட ஆட்டியிருப்பேன். என் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு அவர் மனைவியிடம் சென்றேன். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்களே மச்சான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து, மூன்று தவணைத் தடுப்பூசியும் போட்டோம். என் வீட்டிலும் அவ்வாறே.

ஊரார் கீழாநெல்லியைச் சொன்னார்கள். அதை ஏளனம் செய்ய மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தார், இக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து, 1988இல் கீழாநெல்லி பற்றி லான்செட் இதழில் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. நான் மாத்திரையே உண்கிறேன்.

சென்ற ஆண்டு மகள் வயிற்றுப் பேரனுக்குச் சுன்னத் பேச்சு எழுந்தது. ஒஸ்தா மறைந்துவிட்டார், மகன் தொழில் செய்கிறார். வழிவழியாக வந்த கையை விடலாகாது என்பது என் அண்ணன் கட்சி. அவர் பேச்சை நான் தட்டியதில்லை. ஆயினும் அப்பொழுதுதான் வாணியம்பாடிச் செய்தியைப் படித்திருந்தேன்.

2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில், வட தமிழ்நாட்டு மாவட்டங்களில் 21 பேரின் மூளையை ஒரு கிருமி தாக்கிற்று. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவ நிலையத்துக்குச் சென்றவர்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேர் இறந்தனர். மற்றப் பதினொருவரில் இறந்தவர் ஒருவரே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரும் அரசு சுகாதாரத் துறையினரும் சேர்ந்து துப்புத் துலக்கி, 2025இல் எழுதினார்கள். உப்புநீர்ப் புட்டியைத் தூய்மை செய்யாத பல் கருவியால் திறந்து, தளர மூடி, மறுபடியும் அடுத்தவருக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி அது. 1911-12இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் முதன்முதலில் கண்டு சொன்னது. ரங்கூனில் பிழைத்த நம் பாட்டனார்கள் மிதித்த மண்ணில் முதன்முதலில் அறியப்பட்ட நோய், பல்வலிக்குப் போனவர்களை இங்கே கொண்டு சென்றது.

ஒஸ்தா மகனைப் பார்க்கத் திருப்பருத்திக்குன்றம் சென்றேன். நான் வந்த காரணத்தை அவர் முன்பே ஊகித்திருந்தார். "அத்தா காலத்துக் கத்தி இது, பாய். எடுக்கறதே இல்ல" என்று துணியில் சுற்றிய அதனைக் காட்டிவிட்டு, காகித உறையிட்ட புதிய பிளேடுகளை எடுத்து வைத்தார். பிள்ளைக்கொன்று, முடிந்ததும் எறிந்துவிடுவாராம். எனக்கு நாணமாகிவிட்டது. ஆனால் பெட்டிக்குள் ஓர் இடுக்கியும் மழுங்கிய ஒரு கம்பியும் ஒரு பித்தளைக் கிண்ணமும் இருந்தன.

"இதெல்லாம்?"

"டெட்டால் தண்ணியில கழுவிடுவேன்."

கத்தி மாறியிருந்தது, கிண்ணம் மாறவில்லை. ஹஜ்ஜில் தலைமுடி இறக்கும் நாவிதருக்கு உரிமம் வேண்டும், பிளேடு ஒருமுறைக்கு மேல் ஆகாது என்று சவூதி அரசு கட்டளையிட்டிருப்பதை அவரே சொன்னார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். பிளேடைப் பற்றி அத்தனை அறிந்தவரிடம் கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல எவரும் இருந்ததில்லை. அவரைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. பட்டம் பெற்ற மருத்துவ நிலையத்திலேயே ஒரு புட்டியை எவரும் கவனிக்கவில்லையே. அறுபத்துச் சொச்ச ஆண்டுக்கு முந்தைய முற்றத்தை அவரிடம் சொன்னேன். அவர் தகப்பனாரைப் பழிக்கவில்லை என்றும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ஆஸ்பத்திரியிலேயே செஞ்சுடுங்க பாய். நானும் வரேன்" என்றார்.

அண்ணன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. விழாவுக்கு அவர் வரவில்லை. தட்டு மட்டும் வந்தது. ஒஸ்தா மகனுக்கு வழக்கப்படி அரிசி, தேங்காய், வேட்டி, காணிக்கை யாவும் குறைவின்றிக் கொடுத்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில், கருவிகளை ஆவியில் வேகவைத்தீர்களா என்று தாதியிடம் கேட்டேன். அவருக்கு முகம் சுண்டியது. பிறகு உள்ளே போய்க் கட்டை எடுத்து வந்து, அதன்மேல் ஒட்டியிருந்த நாடாவைக் காட்டினார். சூடு ஏறினால் அதன் கோடுகள் கறுக்குமாம். ஒஸ்தா மகன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கறுத்திருந்தன. "இந்த நாடா எங்கே கிடைக்கும்மா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கையில் பேரனை உள்ளே அழைத்தார்கள்.