தலைக்கணக்கு

ஒரு திருச்சபை வளர்கிறது என்பதை எதைக்கொண்டு அறிவது? திருச்சபைத் தலைவர்கள் இவ்வினாவுக்குப் பெரும்பாலும் எண்களாலேயே விடையிறுத்து வந்திருக்கின்றனர். அவர்களுடைய ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், திருமுழுக்குப் பெற்றோர் இத்தனை பேர், திருவிருந்தில் கலந்தோர் இத்தனை பேர், காணிக்கை இவ்வளவு, புதிதாய் எழுந்த ஆலயங்கள் இத்தனை என்னும் வரிசைகளே நம்மை எதிர்கொள்கின்றன. நாம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லோம். ஆயினும் மிஷன் பாடசாலை வாங்கில் அமர்ந்தே நாம் எழுத்தறிந்தோம். மேலும், 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகையில் 7.6 வீதத்தினரான கிறித்தவர்கள், தமிழர் மத்தியிலும் சிங்களவர் மத்தியிலும் வாழ்பவர்கள். இவ்விரு காரணங்களாலும் இவ்வினா நம்முடைய வினாவுமாகின்றது.

யாழ்ப்பாணத்தில் இத்தலைக்கணக்குக்கு நீண்ட சரித்திரமுண்டு. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் இங்குப் பணியாற்றிய பால்டேயஸ் பாதிரியார், சில ஆண்டுகளுக்குள்ளேயே இப்பிரதேசத்தில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட கிறித்தவர் இருந்தனர் எனக் கணக்குக் காட்டினார். இன்றைய எந்தத் திருச்சபைத் தலைவரையும் பொறாமைகொள்ளச் செய்யும் தொகை இது! அத்தொகையின் இரகசியம் யாது? ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. மணத்துக்கும் முதுசத்துக்கும் ஆலயப் பதிவேடு சான்றாய் நின்றது. பகலில் ஆலயத்துக்குச் சென்று இரவில் வீட்டின் மறைவிடத்தில் விளக்கேற்றி வழிபட்டவர்களைப் பற்றி நம் முதியோர் இன்றும் கதை சொல்வர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர், அதன்பின் நிர்ப்பந்தம் தளர்ந்தது, பதிவேடும் மெலிந்தது. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து சேர்ந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் கையேற்றவை பாழடைந்த ஆலயங்களே. அதிகாரம் சேர்த்த கூட்டம் அதிகாரத்தோடு கலைந்தது.

இப்பாடத்தை அமெரிக்க மிஷனரிமார் ஓரளவு கற்றனர் என்றே கூறவேண்டும். அவர்கள் நிர்ப்பந்தத்தை நாடவில்லை, கல்வியை நாடினர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். ஆனால் பழைய அளவுகோல் அவர்களையும் விட்டபாடில்லை. 1855 இல் பொஸ்தனிலுள்ள தலைமைச் சங்கத்திலிருந்து ரூபஸ் அண்டர்சன் வந்து பார்வையிட்டார். செமினரியில் ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் தேடிச் செல்கின்றனர். சுவிசேஷம் பரவவில்லை என்பது அவர் கண்ட குறை. உள்ளூர்ச் சபைகள் உள்ளூர்க் குருமாராலேயே நடத்தப்படவேண்டும், தாய்மொழியிலேயே கல்வி நிகழவேண்டும் என்று அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அதை நாம் மறுக்கமாட்டோம். ஆயினும் அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. அதன் மாணவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர், பின்னர் சைவரானவர். திருச்சபையின் பதிவேட்டில் அவர் ஒரு நட்டம். ஆனால் 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர் அவரே. தமிழ்ச் சமுதாயத்தின் கணக்கில் அவர் எவ்வளவு பெரிய இலாபம்! மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதும் இவ்வாறானதே. அவரிடம் மருந்துபெற்றுச் சென்றோரில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவரல்லர், பெற்றது ஆரோக்கியம்.

கணக்கிற் சேர்ந்தவர்களுக்கேனும் சமத்துவம் கிடைத்ததா? இங்கே நாம் கண்டதையே கூறுகிறோம். நாமறிந்த ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கடைசி வாங்குகளே உரியனவாயிருந்தன. அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் அதை மீறியவரை நாம் கண்டதில்லை. திருவிருந்தின் ஒரே கிண்ணம் முன்வாங்கிலிருந்து பின்வாங்குக்குச் சென்றதேயன்றி, ஒருநாளும் பின்வாங்கிலிருந்து தொடங்கியதில்லை. அங்கு வந்த குருமார் நல்லவர்கள். அன்பைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கித்தவர்கள். முன்வாங்குக்காரர் மனம்நொந்து சபையைவிட்டு நீங்கிவிட்டால் காணிக்கையும் எண்ணிக்கையும் குறைந்துவிடுமே என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அவ்வச்சமே அந்த ஆலயத்தின் உண்மையான தலைமை. ஆண்டறிக்கையில் முன்வாங்கும் பின்வாங்கும் ஒரே தொகையாகவே எழுதப்பட்டன.

எண்ணிக்கையைவிட வேறோர் அளவுகோலைக் கைக்கொண்ட தலைவர்கள் இந்நாட்டில் இருந்திலரா? இருந்தனர். 1962 இல் அங்கிலிக்கன் திருச்சபையின் குருநாகல் அத்தியட்சரான இலக்ஷ்மன் விக்கிரமசிங்க அவர்களுள் ஒருவர். பௌத்த சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக்கிடந்த சிறிய அத்தியட்சாதீனம் அது. தொகையால் மதிப்பிட்டால் அவர் பொருட்படுத்தத்தக்க தலைவரல்லர். ஆனால் அவர் சிவில் உரிமைகள் இயக்கத்தின் தலைவராயிருந்து, மதமோ இனமோ பாராது, அரசின் அநீதிகளை எதிர்த்து நின்றார். 1983 சூலையில் தமிழர்மீது வன்செயல் கட்டவிழ்த்து விடப்பட்டபோது அவர் நாட்டில் இல்லை, சுகவீனமுற்றிருந்தார். திரும்பி வந்ததும், அவ்வாண்டு செப்டெம்பரில் தம் அத்தியட்சாதீன மன்றத்தில் ஆற்றிய உரையில், சிங்களவர் என்ற முறையில் தாம் வெட்கமடைவதை வெளியிட்டு, தமிழ் மக்களிடம் மன்னிப்புக் கோரவேண்டிய கடப்பாட்டை எடுத்துரைத்தார். அப்பேச்சு அவருக்கு ஒரு புதிய விசுவாசியையும் சேர்த்துக் கொடுத்திராது. ஒக்டோபர் 23 இல், தமது 56 ஆவது வயதில், அவர் காலமானார். அரசாங்கத்திலிருந்த எவரும் அன்று சொல்லாத வார்த்தையைச் சிறுபான்மைச் சபையொன்றின் தலைவர் சொன்னார் என்பதைத் தமிழராகிய நாம் மறத்தல் கூடாது.

தமிழர் பக்கத்தில் அதே துணிவைக் காட்டியவர், 1992 முதல் 2016 வரை மன்னாரின் கத்தோலிக்க ஆயராயிருந்து 2021 இல் மறைந்த இராயப்பு யோசப்பு. அவரும் தலை எண்ணினார். ஆனால் அவர் எண்ணியது வேறு தலைகளை. 2011 சனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் மூன்று எண்களை வைத்தார். 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர், கச்சேரிக் கணக்கின்படி, 429,059 பேர். போர் முடிந்தபின் 2009 சூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது? இதுவே அவர் கேட்ட கேள்வி. அத்தனை பேரும் மாண்டனர் என்று அவர் முடிவுகட்டவில்லை. அவர்களுக்குக் கணக்குச் சொல்லுங்கள் என்றே கேட்டார். அவர்களுள் கத்தோலிக்கர் எத்தனை பேர், சைவர் எத்தனை பேர் என அவர் பிரித்துக்கொண்டிருக்கவில்லை.

பால்டேயசின் எண்ணையும் இராயப்பு யோசப்பின் எண்ணையும் அருகருகே வைத்து நோக்குமாறு மாணவ நண்பர்களை நாம் கேட்டுக்கொள்கிறோம். முன்னையது, அதிகாரத்தின் நிழலில் ஒதுங்கியவர்களின் தொகை. பின்னையது, அதிகாரத்தின் முகத்துக்கு நேரே கேட்கப்பட்ட கேள்வி.

இஃது திருச்சபைக்கு மாத்திரம் உரிய படிப்பினையன்று. நாம் சார்ந்த இடதுசாரி இயக்கமும் ஒருகாலத்தில் சிறுபான்மையாய் நின்று மொழியுரிமைக்காகவும் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமைக்காகவும் பேசியது. அதன் தலைவர்கள் ஆசனங்களையும் வாக்குகளையும் எண்ணத் தொடங்கிய பின்னர், 1966 சனவரியில், தமிழ்மொழி விதிகளுக்கு எதிரான ஊர்வலத்திலே தாமும் நடந்தனர். அவர்கள் தேடிய கூட்டமும் நிலைக்கவில்லை. தமிழ் உழைப்பாளரின் நம்பிக்கையும் போயிற்று. ஆதலால் பாதிரிமாரை நோக்கி நாம் கேட்கும் கேள்வியை நமது கட்சிக் காரியாலயத்திலும் கேட்டாக வேண்டும்.

திருச்சபை வளரட்டும், அதில் நமக்குப் பகையில்லை. ஆனால் அடுத்த ஆண்டறிக்கையைத் தயாரிப்பவர்கள் இரண்டு பத்திகளைப் புதிதாகச் சேர்க்கட்டும். இவ்வாண்டு எவருடைய அநீதிக்கெதிராக வாய்திறந்தோம்? நம்முடைய கடைசி வாங்கில் இன்னும் அமர்ந்திருப்போர் யாவர்? அப்பத்திகள் வெறுமையாயிருக்குமாயின், மற்றைத் தொகைகள் எவ்வளவு பெருகினும் பயனில்லை.