மற்போரும் மதிப்பெண்ணும்

மற்போர் என்றவுடன் தமிழ் பயின்றார் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது புறநானூற்றுக் காட்சியே. ஆமூர் மல்லனோடு போர்வைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வென்றதனைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியுள்ளார். அப்பாட்டினை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் விளக்கியிருக்கிறேன். விளக்குந்தோறும் மாணவரை நோக்கி, "ஏனைய விளையாட்டுகளில் கணக்கு உண்டு; மற்போரில் கணக்கில்லை. வீழ்த்தியவன் வென்றான்; வீழ்ந்தவன் தோற்றான். இதனை அளக்க எழுதுகோல் எதற்கு?" என்று வினவுவது என் வழக்கம். மாணவர் மகிழ்ந்து சிரிப்பர். நான் கூறியது அரைகுறை உண்மை என்பதை ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன்.

2019ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கசகஸ்தான் நாட்டின் தலைநகரில் உலக மற்போர்ப் போட்டி நடைபெற்றது. 65 கிலோகிராம் எடைப் பிரிவின் அரையிறுதியில் நம் நாட்டுப் பஜ்ரங் புனியாவும் அந்நாட்டுத் தௌலத் நியாஸ்பெக்கோவும் எதிர்நின்றனர். என் தமக்கையின் மகன் கல்லூரி நாளில் மற்பயிற்சி பெற்றவன். அவனோடு அமர்ந்து அப்போரைத் தொலைக்காட்சியில் கண்டேன். போர் முடிந்தபோது இருவர்க்கும் ஒன்பது ஒன்பது புள்ளிகள். இனி மீண்டும் ஒருமுறை பொருவார்கள் என்று நான் எதிர்நோக்கியிருக்க, நடுவர் நியாஸ்பெக்கோவின் கையை உயர்த்திவிட்டார்.

எனக்குச் சினம் மூண்டது. "ஒன்பதும் ஒன்பதும் சமம் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியுமே! இது என்ன நீதி?" என்றேன்.

"மாமா, நீங்கள் எத்தனை என்று மட்டும் பார்க்கிறீர்கள். எதனால் வந்தது என்று பார்க்கவில்லையே" என்றான் அவன். பின்னர் ஒரு தாளை எடுத்துக் கோடிட்டு எனக்குப் பாடம் சொல்லத் தொடங்கினான். பாடம் சொல்லியே பழகிய நான் பாடம் கேட்கும் நிலை எய்தினேன்.

அவன் கூறியதன் சாரம் இது. விரிப்பின் மீது 9 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம். அதனுள் ஒருவர் சிவப்பு உடையிலும் மற்றவர் நீல உடையிலும் நிற்பர். முதியோர் போட்டியில் மும்மூன்று நிமிடமாக இரு பகுதிகள்; இடையே 30 நொடி ஓய்வு. எதிரியின் கால்களையும் பற்றிப் பொருவது ஃபிரீஸ்டைல் என்னும் முறை. இடுப்பிற்குக் கீழே பற்றலாகாது என்பது கிரேக்க-உரோமானிய முறை. நான் இங்கே சொல்வன பெரும்பாலும் முன்னதைப் பற்றியவை. களத்தினுள் இருக்கும் நடுவர் தம் மணிக்கட்டுகளில் ஒன்றில் சிவப்பும் மற்றொன்றில் நீலமும் அணிந்திருப்பார். புள்ளி பெற்றவர்க்குரிய நிறக் கையை உயர்த்தி, எத்தனை புள்ளியோ அத்தனை விரல்களைக் காட்டுவார். அவர் ஒருவர் காட்டினால் மட்டும் போதாது. களத்தின் ஓரத்தே இருக்கும் துணை நடுவர், தலைவர் ஆகிய இருவருள் ஒருவரேனும் உடன்பட்டால்தான் அப்புள்ளி நிற்கும்.

எதிரியை வட்டத்திற்கு வெளியே அடியெடுத்து வைக்கச் செய்தால் 1 புள்ளி. கீழே அகப்பட்டிருப்பவர் திமிறி எழுந்து, தம்மை அடக்கியவரையே அடக்கிவிட்டால் அதற்கும் ஒன்றே. (இவ்வளவு அரிய செயலுக்கு ஒரு புள்ளிதானா என்று எனக்கு இன்றும் குறை உண்டு.) நின்றவரைத் தரையில் வீழ்த்தி அவர் பின்புறம் சென்று அடக்கினால் 2. தரையில் கிடப்பவரைப் புரட்டி அவர் முதுகு விரிப்பை நோக்குமாறு செய்தாலும் 2. நின்ற நிலையிலிருந்தே எறிந்து, அவர் முதுகு நேரே விரிப்பை நோக்கி விழச் செய்தால் 4. உயரத் தூக்கி, பெரியதொரு வளைவில் சுழற்றி அவ்வாறு எறிந்தால் 5. ஒருவர் 10 புள்ளி முந்திவிட்டால் போர் அப்பொழுதே முடியும். கிரேக்க-உரோமானிய முறையில் 8 முந்தினாற் போதும்.

இவற்றை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். எண்கள் உயருந்தோறும் செய்பவர்க்கு உண்டாகும் இடரும் உயருகிறது. எதிரியைத் தூக்கி எறிய முனைபவர் தம் உடலையே பணயமாக வைக்கிறார். பிடி நழுவினால் கீழே கிடப்பவர் அவரே. ஒதுங்கி நின்று எதிரியை வட்டத்தின் விளிம்பிற்குத் தள்ளுபவர்க்கு அத்துணை இடர் இல்லை. இனி, இருவர் புள்ளியும் ஒத்தால் மிகப் பெரிய செயலைச் செய்தவர் எவர் என்று முதலிற் பார்க்கிறார்கள். அதுவும் ஒத்தால் எச்சரிக்கை குறைவாகப் பெற்றவர் எவர் என்றும், அதுவும் ஒத்தால் இறுதிப் புள்ளியைப் பெற்றவர் எவர் என்றும் பார்க்கிறார்கள். நியாஸ்பெக்கோவ் அன்று நான்கு புள்ளிக்குரிய ஒரு செயலைச் செய்திருந்தார். அதுவே அவர் கையை உயர்த்தியது.

இந்த விதி எக்காலத்தும் இவ்வாறு இருந்ததன்று. 2005ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் போர் இரண்டிரண்டு நிமிடச் சுற்றுகளாக நடந்தது. மூன்று சுற்றில் இரண்டை வென்றவர் வென்றார். ஒரு சுற்று புள்ளியின்றி முடிந்தால் ஒரு பையிலிருந்து நிறப் பந்து ஒன்றை எடுப்பர். எவர் நிறம் வந்ததோ அவர்க்கு எதிரியின் காலைப் பற்றித் தொடங்கும் வாய்ப்புக் கிட்டும். ஆண்டுக் கணக்கில் உடல் வருந்திப் பயின்றவர் வெற்றி பைக்குள் கிடக்கும் பந்தைச் சார்ந்து நின்றது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒலிம்பிக் விளையாட்டிலிருந்தே மற்போரை நீக்கலாம் என்னும் பரிந்துரை எழுந்தது. அதன்பின் அவ்வாண்டிலேயே விதிகள் திருத்தப்பட்டன. செப்டம்பரில் மற்போர் தன் இடத்தை மீட்டுக்கொண்டது.

பந்தின் செய்தியைக் கேட்டபோது நான் மருமகன் முகத்தைப் பார்க்கவில்லை. என் பணிக்காலத்தில் ஒருமுறை தமிழ்ப் பரிசுக்குரிய தேர்வில் இரு மாணவர் ஒத்த மதிப்பெண் பெற்றனர். ஒருவன் எல்லாம் எளிய வினாக்களாகத் தேர்ந்து பிழையின்றி எழுதியிருந்தான். மற்றவன், பிறர் எவரும் தொடாத வினாவாகிய வெண்பா இயற்றலை மேற்கொண்டிருந்தான். ஈற்றடியில் தளை தட்டிற்று. அதற்கு அரை மதிப்பெண் குறைத்திருந்தேன். அக்குறைவே அவ்விருவரையும் ஒக்கச் செய்தது. நானோ நடுவுநிலைமை என்று கருதிக்கொண்டு, இரு சீட்டுகளில் பெயர் எழுதிக் குலுக்கி எடுத்தேன். வெண்பா எழுதியவன் பெயர் வரவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. விடைத்தாளை மட்டும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டு, பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அவன் இருந்த வகுப்பில் அதற்குப் பின் எவரும் தேர்வில் வெண்பா எழுத முன்வரவில்லை.

விதிகளுள் எனக்கு மிக உவப்பானது வேறொன்று. பொருதாமல் காலங்கடத்தும் வீரரை நடுவர் முதலில் எச்சரிப்பார். பின்னும் அவர் அவ்வாறே நின்றால் 30 நொடி தரப்படும். அதற்குள் எவரும் புள்ளி பெறாவிடின் எதிரிக்கு 1 புள்ளி சேரும். வாளா இருத்தலும் இங்கே கணக்கிற் சேர்கிறது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் பாரிசில் வினேஷ் போகத் ஜப்பான் நாட்டு யூய் சுசாகியை எதிர்த்தபோது இவ்விதியின் ஆட்சியை நன்கு கண்டேன். சுசாகி முந்தைய ஒலிம்பிக்கில் பொன் வென்றவர். அவர் முதலில் பெற்ற 2 புள்ளிகளும் வினேஷ் தாக்காது நின்றமையால் ஒவ்வொன்றாக வந்தவையே. வினேஷ் காத்திருந்தார். இறுதி நொடிகளில் பாய்ந்து எதிரியை வீழ்த்தி 2 புள்ளி கொண்டார். இரண்டும் இரண்டும்! ஆனால் இம்முறை நான் மயங்கவில்லை. ஒன்றும் ஒன்றுமாகச் சேர்ந்த இரண்டினும், ஒரே செயலில் வந்த இரண்டு பெரிது என்பதை அறிந்திருந்தேன். ஜப்பான் தரப்பினர் தீர்ப்பை மறுத்து முறையிட்டனர். முறையீடு தோற்றால் எதிரிக்கு 1 புள்ளி என்பது விதி. எனவே 3-2 என முடிந்தது. மறுநாள் எடை 50 கிலோகிராமுக்கு மேல் 100 கிராம் மிகுந்தமையால் வினேஷ் தகுதி நீக்கப்பட்டது யாவரும் அறிந்த துயரம். தராசும் இவ்விளையாட்டின் நடுவருள் ஒன்று.

இவ்வளவு கணக்கும் ஒரே நொடியில் அழிந்துபோவதும் உண்டு. எதிரியின் இரு தோள்களையும் விரிப்பில் ஒருங்கே பதித்து அடக்கிவிட்டால் போர் அவ்வளவில் முடியும். அதற்கு முன் எவர் எத்தனை புள்ளி பெற்றிருந்தாலும் அது பொருட்டன்று. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் தோக்கியோ அரையிறுதியில் ரவிக்குமார் தஹியா, கசகஸ்தானின் நூரிஸ்லாம் சனாயெவிடம் 2-9 எனப் பின்தங்கியிருந்தார். எதிரிக்கு இன்னும் 3 புள்ளி கிட்டியிருப்பின் போரே முடிந்திருக்கும். தொலைக்காட்சியை நிறுத்திவிடலாம் என்றுகூட எண்ணினேன். சிறிது பொழுதில் தஹியா எதிரியைப் புரட்டி, மல்லாத்தி, இறுகப் பற்றி விரிப்போடு அழுத்தினார்.

"வென்றான்! ஆமூர் மல்லன் வீழ்ந்தான்!" என்று நான் இருக்கையை விட்டு எழுந்து கூவினேன்.

"பொறுங்கள் மாமா. நடுவர் ஒருவர் கண்டால் போதாது, இன்னொருவரும் உடன்பட வேண்டும்" என்றான் மருமகன்.

நான் நின்றபடியே காத்திருந்தேன்.