சக்காய் நகரில் ஒரு கத்திப்பிடி

ஒசாகாவிலிருந்து தெற்கே ரயிலில் சிறிது நேரம் சென்றால் சக்காய் நகரம் வந்துவிடும். ஜப்பானில் கத்திக்குப் பேர்போன ஊர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு வந்த புகையிலையை நறுக்கக் கத்தி அடித்த ஊர், இன்று சமையற்காரர்களுக்குக் கத்தி அடிக்கிறது. இரும்பைக் காய்ச்சி அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் வேறொருவர்.

சென்ற ஆண்டு நான் அங்கே போனது ஊர் பார்க்க மட்டுமன்று. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் மரம் சீவிய என் அம்மா, வீட்டில் மீன் ஆயும்போது கையை வெட்டிக்கொண்டார். ஆறு தையல். கத்தியில் குறையில்லை, பிடியில் பூசிய வார்னிஷ்தான் ஈரக்கையில் வழுக்கிவிட்டது. அன்று முதல் அம்மா கத்தியைத் தொடவே அஞ்சினார்.

கடைக்காரர் வயதானவர். உடன் வந்த நண்பர் மொழிபெயர்த்தார். முதலில் அந்த ஊர் வழக்கப்படி 'ஹோ' மரப்பிடி ஒன்றை எடுத்து வைத்தார். எடையே தெரியவில்லை. எருமைக்கொம்பில் பூண், மரத்தின் மேல் எந்தப் பூச்சும் இல்லை. ஈரக்கைக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் காயாவிட்டால் பூசணம் பிடிக்குமே என்றேன்.

அடுத்து, பிசின் ஏற்றிய மரப்பிடியைக் காட்டினார். நன்கு உலர்ந்த மரத்தை அக்ரிலிக் பிசினில் மூழ்கவைத்து, உள்ளிருக்கும் காற்றை இயந்திரத்தால் உறிஞ்சிவிடுகிறார்கள். காற்று இருந்த இடத்தில் பிசின் புகுந்துகொள்கிறது. பிறகு சூடேற்றினால் உள்ளேயே கெட்டியாகிவிடுகிறது. கருங்காலி போன்ற கெட்டி மரங்களில் பிசின் சரியாக ஏறாதாம்.

"இதற்கு எந்த எண்ணெய் பூசலாம், ஐயா?" என்று கேட்டேன்.

சிரித்தார். துளைகளெல்லாம் அடைபட்ட மரம் எண்ணெயைக் குடிக்காது. துடைக்காமல் விட்டால் மேலேயே நின்று பிசுபிசுக்கும். வார்னிஷோ, சூப்பர் குளூவோ பூசினால் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் கைக்கு வழுக்கும், நாளடைவில் உரியவும் கூடும். உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, மெழுகை மெல்லத் தடவித் துடைத்தால் போதும் என்றார்.

பிறகு என் கையை நனைக்கச் சொல்லி, இரண்டு பிடிகளைக் கொடுத்தார். முகம் தெரியும்படி மெருகேற்றியது நழுவியது. 400ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்தியது கையில் நின்றது. மங்கலாக இருந்த அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குழாயடியில் கையை நனைத்துக்கொண்டு கத்தியைப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீவுற கத்தி மாதிரி கையில நிக்குதுப்பா," என்றார்.

கழுவியதும் துடைத்து வைக்க வேண்டும், ஊறப்போடக் கூடாது, மெருகு மங்கினால் மீண்டும் கொஞ்சம் மெழுகு போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, சந்தையில் கெம்போங் மீன் வந்திருக்கிறதா பார்த்து வா என்று என்னை அனுப்பினார்.