தலையாரித் தாத்தாவும் ஷெரிஃபும்

எங்க ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கம் இருக்கிறது இல்லைங்க. ராஜபாளையம் பக்கம், சிமெண்ட் ஆலை ஆலங்குளம். பொங்கல் லீவுல லேப்டாப்பில் கௌபாய் படம் பார்த்துக்கிட்டிருந்தேன். பின்னாடி உட்கார்ந்திருந்த தாத்தா, "நெஞ்சுல நட்சத்திரம் குத்தியிருக்கானே, யாருடா அவன்?" என்றார்.

"ஷெரிஃப் தாத்தா. போலீஸ் மாதிரி."

"கிஸ்தி வசூலிப்பானா?"

சிரிப்பு வந்துருச்சு. ஆனாலும் தேடிப் பார்த்தேன். வசூலிக்கிறார்! அமெரிக்காவில் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களில் சொத்து வரி வாங்குவது கவுண்டி ஷெரிஃப்தான். சம்மன் கொடுப்பது, ஜெயிலைப் பார்த்துக்கொள்வது, கோர்ட் உத்தரவுப்படி ஜப்தி செய்து ஏலம் விடுவது, எல்லாம் அவர் வேலை. துப்பாக்கிச் சண்டை சினிமா பில்டப். பழைய இங்கிலாந்தில் ராஜாவுக்காக ஒரு வட்டாரத்தைக் கவனித்த மணியக்காரர்னுதான் அந்தச் சொல்லுக்கே அர்த்தமாம். மெட்ராஸிலும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஷெரிஃப் இருந்தார், இப்போ அந்தப் பதவி இல்லை. பின்னாளில் அது வெறும் கௌரவப் பதவியாக இருந்தது. 1956-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அதில் இருந்தார்.

"அவனை யாரு போடுறது?"

"அமெரிக்காவுல பெரும்பாலும் ஜனங்க ஓட்டுப் போட்டுத்தான்."

தாத்தா கொஞ்ச நேரம் பேசல. அவர் தலையாரியா இருந்தவர். கிஸ்தி, பிறப்பு இறப்புக் கணக்கு, சில்லறை வழக்கு எல்லாம் அப்போ கிராம முன்சீப் கையில். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழிக்கிற வரைக்கும் பல ஊர்களில் அந்தப் பதவி ஒரே குடும்பத்துக்குள்ளயே சுத்தி வந்தது. அதுக்கப்புறம்தான் வி.ஏ.ஓ.

மழை பொய்த்த ஒரு வருஷம், தாத்தாவோட சொந்த அக்கா வீட்டில் கிஸ்தி பாக்கி. பருத்தி கருகிப்போச்சு. ஜப்திக்கு வந்த முன்சீப் எங்க தெருவுக்குள்ள கால் வைக்கல, முக்குலயே நின்னுக்கிட்டார். உள்ளே போய் பித்தளை அண்டாவைத் தூக்கினது தாத்தா. கல்யாணச் சீராக வந்த அண்டா. "கேட்டது அவரு, தூக்குறது நீயாடா தம்பி?" என்றாளாம் அக்கா. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்ல. இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை எங்க யார்கிட்டயும் அவர் சொன்னதில்லை.

படத்தை நிறுத்திட்டேன். தாத்தாதான் திரும்பவும் ஆரம்பிச்சார்.

"ஓட்டு வாங்கி வந்தவன்ல? அப்போ ஜப்திக்கு அவனே வீட்டுக்குள்ள வருவானா?"

"இல்ல தாத்தா. கீழே டெபுடின்னு ஆள் இருப்பாங்க. அவங்களைத்தான் அனுப்புவாங்க."

"அப்போ அங்கயும் தலையாரி இருக்கான்னு சொல்லு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.