மிதக்கும் வீட்டில் மார்கழி விடுமுறை

விருந்தினரை வரவேற்று உபசரிப்பதில் எம்மவருக்கு நிகர் எவருமிலர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் வீட்டின் அகலம் ஆறடி பத்து அங்குலமாகவும், வருகின்ற விருந்தினர் ஐவராகவும் இருப்பின், அப்பெருமை சிறிது சோதனைக்கு உள்ளாகும் என்பதைக் கடந்த மார்கழி விடுமுறையில் அறிந்துகொண்டோம்.

நாம் இருவரும் இலண்டன் மாநகரிலே, றீஜன்ற் கால்வாயில், ஒரு படகில் குடியிருக்கின்றோம். நகரத்து வீட்டு வாடகையே முதலில் எம்மை நீருக்கு அனுப்பியது. பின்னர் அந்நீரே எமக்குப் பிடித்துப்போயிற்று. இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்கள் பலவற்றில் படகுகள் நுழைய வேண்டிய கதவுகள் ஏழடி அகலமே உள்ளவை. அவற்றுக்கு அடங்கும்படியாகவே இவ்வொடுங்கிய படகுகள் கட்டப்பட்டன. எமது படகின் நீளம் 57 அடி. சமையலறை, இருக்கும் அறை, படுக்கையறை யாவும் புகைவண்டிப் பெட்டியிலே போல ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். ஒருவர் எழுந்து நடந்தால் மற்றவர் ஒதுங்கி வழிவிடல் வேண்டும்.

கோண்டாவிலிலிருந்து அம்மாவும், கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும் அவர்தம் இரு பிள்ளைகளும் டிசெம்பர் 20ஆந் திகதி வந்து சேர்ந்தனர். பெரிய பெட்டிகளை வைக்க இடமில்லை என்றும், மடிக்கக்கூடிய துணிப்பைகளையே கொண்டுவருமாறும் முன்னரே எழுதியிருந்தோம். அத்தான் இரண்டு பெரும் பெட்டிகளோடு வந்தார். அவற்றுள் ஒன்று பதினைந்து நாளும் கூரைமீது, தார்ப்பாயால் மூடப்பட்டுக் கிடந்தது.

அம்மா படியிறங்கி உள்ளே வந்து, இருபுறமும் பார்த்துவிட்டு, "தம்பி, கிணறு எங்கை?" என்று கேட்டார். அது வேடிக்கையாகக் கேட்ட கேள்வி அன்று. செம்மண் வளவில், அள்ள அள்ளக் குறையாத கிணற்றடியில் வாழ்ந்தவருக்கு, 500 லீற்றர் கொள்ளும் இரும்புத் தொட்டியில் ஏழுபேர் எத்தனை நாள் சீவிப்பது என்ற கணக்கு விளங்கவில்லை. முகங்கழுவும்போது குழாயை மூடுமாறு பெற்ற தாய்க்கு மகன் சொல்லவேண்டி வந்ததே என்று எமக்கு வெட்கமாயிருந்தது. மூன்றாம் நாள் அம்மாவே பேரப்பிள்ளைகளுக்கு அக்கட்டளையை இடத் தொடங்கினார்.

குளிருக்கு நிலக்கரி அடுப்பு உண்டு. மின்சாரம் கூரையிலுள்ள சூரியத் தகடுகளிலிருந்து வருவது. மார்கழியில் பிற்பகல் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடுமாதலால், இயந்திரத்தை ஓடவிட்டுத்தான் மின்கலங்களை நிரப்பவேண்டும். அயலவரின் உறக்கத்தைக் கருதி, கட்டிநிற்கும் படகில் இரவு எட்டு மணிமுதல் காலை எட்டு மணிவரை அதனை இயக்குதல் கூடாது. நத்தார் தினத்தன்று இலண்டனில் புகைவண்டியும் ஓடாது, பேருந்தும் ஓடாது. அன்று முழுவதும் ஏழுபேரும் உள்ளேயே இருந்தோம். ஒருவரோடொருவர் கோபித்துக்கொண்டாலும் போய்க் கதவடைக்க வேறு அறை இல்லை. அக்காவும் நாமும் இப்படி ஒரே மேசையில் ஒரு பகல் முழுவதும் இருந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தனைக்கும் அம்மா தமது பையை அவிழ்க்கவே இல்லை. கடவுச்சீட்டும் காணி உறுதியின் பிரதியும் இரண்டு சேலைகளும் அடங்கிய அப்பை, படியோரத்திலேயே இருந்தது. உள்ளே வைக்கலாம் என்று நாம் எடுத்தபோது, "இருக்கட்டும்" என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

அதன் காரணம் அடுத்த நாள் வெளிப்பட்டது. நிரந்தரக் கட்டுமிடம் இல்லாத படகு எவ்விடத்திலும் பதினான்கு நாள்களுக்கு மேல் தரித்து நிற்றலாகாது என்பது இங்குள்ள சட்டம். எமது தவணை 27ஆந் திகதி முடிவடைகிறது, அன்று படகை நகர்த்தவேண்டும் என்று இராச்சாப்பாட்டின்போது சாதாரணமாகச் சொன்னோம். அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆர் தம்பி உங்களைக் கலைக்கிறது?"

எவருமில்லை, இது வெறும் ஒழுங்குவிதி என்று விளக்கினோம். அச்சட்டம் 1995இல் இயற்றப்பட்டது. அதே 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில், வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே மழையில் நனைந்து, செம்மணி வெளி கடந்து, நாவற்குழிப் பாலத்தில் நெருங்கித் தென்மராட்சிக்குப் போனார்கள். அக்கூட்டத்தில் அம்மாவும் இருந்தார். அக்காவும் நாமும் அவரது சேலைத் தலைப்பைப் பிடித்தபடி சென்றோம். அடுப்பிலே சோற்றுப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைக்கவும் நேரமிருக்கவில்லை. எமக்கு வாடகைக் கணக்காக இருந்த இடமாற்றம் அவருக்கு வேறொன்றாக இருந்தது என்பதை, நான்காண்டுகள் படகில் வாழ்ந்தும், அன்றுதான் உணர்ந்தோம்.

27ஆந் திகதி காலை எட்டரை மணிக்குக் கயிற்றை அவிழ்த்தோம். அம்மா பையை மடியில் வைத்து உள்ளே அமர்ந்திருந்தார். இக்கால்வாயில் விதிக்கப்பட்ட உச்சவேகம் மணிக்கு நான்கு மைல். கரையில் நாயோடு நடப்பவர் எம்மை முந்திச் செல்வார். முதலில் சிற்றி றோட் 'லொக்' வந்தது. லொக் என்பது இருபுறமும் கதவுள்ள கற்றொட்டி. கதவை அடைத்து மேல்நீரை உள்ளே விட, படகு நீரோடு மெல்ல மேலெழும். அத்தானும் பிள்ளைகளும் கரையிலிறங்கி இரும்புக் கைபிடியால் மடையைத் திறந்தனர். அதனையடுத்து இஸ்லிங்டன் சுரங்கம். 878 மீற்றர் நீளம். உள்ளே நடைபாதை கிடையாது. 1820இல் கால்வாய் திறக்கப்பட்ட காலத்தில் குதிரையை மேலே அனுப்பிவிட்டு, படகோட்டிகள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே படகை நகர்த்தினர். 1826இல்தான் நீராவி இழுவைப் படகு வந்தது. இருளினுள் நுழைந்ததும் அம்மா எழுந்துவந்து சுக்கானருகே நின்றார். தொலைவில் நாணயமளவு வெளிச்சம் தெரிந்தது. அது பெருகும்வரை எமது தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

மேலும் நான்கு லொக்குகள் ஏறிக் கம்டனைக் கடந்தோம். அதற்கப்பால் லிற்றில் வெனிஸ்வரை லொக் எதுவுமில்லை; ஏறக்குறைய ஒரு மணிநேரம் தடையின்றிப் போகலாம். "பிள்ளையளுக்குப் பசிக்கும்" என்று சொல்லி அம்மா உள்ளே சென்றார். சிறிது நேரத்தில் அரிசி களையும் ஓசை கேட்டது.

மிருகக்காட்சிச்சாலையின் நடுவாகப் படகு சென்றது. 1965இல் பறவைகளுக்காக அமைக்கப்பட்ட பெருங்கூட்டில் இப்பொழுது குரங்குகளைக் குடியமர்த்தியிருக்கிறார்கள். அதையடுத்து மக்கிள்ஸ்பீல்ட் பாலம். 1874 ஒக்ரோபர் 2ஆந் திகதி வெடிமருந்து ஏற்றிவந்த படகு இதன் கீழ் வெடித்ததிலே பாலம் தகர்ந்தது, படகிலிருந்தோர் மாண்டனர். மீளக் கட்டியபோது பழைய இரும்புத் தூண்களையே திருப்பி நிறுத்தினர். ஆகவே குதிரைக் கயிறு உராய்ந்த தழும்புகள் தூணின் இருபக்கமும் காணப்படுகின்றன. அக்கா பிள்ளைகளுக்கு அவற்றைத் தொட்டுக்காட்ட முயன்று, எட்டாமற் போயிற்று.

இக்கால்வாய்களில் ஒருகாலத்தில் சரக்குப் படகோட்டிகள், பத்தடி நீளமுள்ள பின்னறையில் மனைவி மக்களோடு வாழ்ந்தார்கள். புகைவண்டிப் போட்டியினால் கூலி குறைந்தமையால், கரையில் வீடு வைத்திருக்க வசதியின்றிக் குடும்பத்தையே படகில் ஏற்றியவர்கள் பலர். 1962–63 பனிக்காலத்தில் கால்வாய்கள் உறைந்துபோக, ஏற்கெனவே நலிந்திருந்த அத்தொழில் பெரும்பாலும் முடிந்துபோயிற்று. எமது நெருக்கடி அவர்களுடையதற்கு முன் ஒன்றுமில்லை.

லிற்றில் வெனிஸைத் தாண்டி ஓரிடத்திற் படகைக் கட்டினோம். இயந்திரத்தை நிறுத்தியதும் உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "சோறு வடிச்சாச்சு. வாருங்கோ."

கம்டனில் அடுப்பேற்றிய பானை அது. மூடியைத் திறந்தபடி சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவரருகே சென்று நின்றார். இருவரும் ஒன்றும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. பருப்பும் கத்தரிக்காய்க் குழம்புமாக எழுவரும் நெருங்கியிருந்து உண்டோம். அன்றிரவு படியோரத்தில் பையைக் காணவில்லை. கட்டிலின் கீழே வைத்திருந்தார். சேலைகள் இரண்டும் எமது சேலையருகே தொங்கின.

படகு வாழ்க்கை அவருக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டோம். புறப்படும்போதும், "ஒரு துண்டுக் காணியெண்டாலும் வாங்குங்கோ" என்றே சொல்லிச் சென்றார். ஆயினும் இப்போது பதினான்கு நாளுக்கொருமுறை கோண்டாவிலிலிருந்து தொலைபேசி மணி ஒலிக்கிறது. "இப்ப எவ்விடத்திலை நிக்கிறியள்?" என்று கேட்கிறார். இடத்தைச் சொன்னதும், அடுப்பிலே என்ன இருக்கிறது என்று கேட்கத் தவறுவதில்லை.