பெயர் கேளாத அவை

மது விலக்கப்பட்ட செய்தி மதீனாவை எட்டிய வேளையில், அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் கூடியிருந்தோர்க்குப் பேரீச்சை மது ஊற்றிக் கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி). தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்டதும் அதைக் கொட்டிவிடுமாறு அபூதல்ஹா பணித்தார். அன்று மதீனாவின் வீதிகளில் மது ஓடிற்று என ஹதீஸ் நூல்கள் உரைக்கின்றன. ஜும்ஆ மேடைகளில் இந்நிகழ்ச்சியைக் கேளாத தமிழ் முஸ்லிம் இல்லை. ஆயினும் அந்நாளுக்கு முன் நடந்தவற்றை அதே அழுத்தத்துடன் எடுத்துரைப்போர் சிலரே. தீமை பயனினும் பெரிது என்னும் அறிவுரை முதலில் பகரா அத்தியாயத்தில் வந்தது. மயக்க நிலையில் தொழுகையை அணுகலாகாது என்னும் தடை பின்னர் நிஸாவில் வந்தது. மாயிதாவில்தான் முற்றான விலக்கு இறங்கிற்று. உள்ளத்தைப் படிப்படியாகப் பக்குவப்படுத்திய மார்க்கம் நம்முடையது.

இன்று நம் கரிசல் சீமையில் குடிக்கு அடிமையான முஸ்லிமின் நிலை என்ன? அவன் இல்லை என்பதே நம் ஜமாஅத்துகளின் விடை. 1983-இல் தோன்றிய டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அக்கடைகளின் வரிசையில் நிற்பவரின் மதத்தை எவரும் கேட்பதில்லை. தீப்பெட்டித் தொழிலகங்களில் கூலி கைக்கு வரும் மாலையில் கோவில்பட்டியிலும், உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரத்திலும் நம்மவர் எவரும் அவ்வரிசையில் இல்லை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி மதரஸா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு புட்டித் தண்ணீர். "ஹஜ்ரத், ஓதித் தாங்க, அவர் குடியை மறக்கணும்" என்றார். ஓதிக் கொடுத்தோம். கூடவே, கணவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் சொன்னோம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை வரை போகலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். நோன்பு வந்தால் தானே விட்டுவிடுவார் என்று காத்திருக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருத்தல் வேண்டும். அருகில் வழிகாட்டுவார் இல்லாதோர் 14446 என்னும் அரசின் இலவச எண்ணில் கேட்கலாம்.

மருத்துவம் உடலைத் தேற்றிற்று. வீடு திரும்பியபின் மாலைப் பொழுதை எங்கே கழிப்பது? இங்கேதான் பலர் மீண்டும் வழுக்குகின்றனர். தூத்துக்குடியில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் குடிநோயாளிகளின் கூட்டம் நடைபெறுவதாக மருத்துவரே சொன்னார். கூடுமிடம் கிறிஸ்தவப் பள்ளியின் ஓர் அறை என்றதும் அந்தத் தம்பி தயங்கினார். "அங்க என் ஈமான் போயிருமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

விசாரித்தோம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவர்க்கொருவர் துணையாகத் தொடங்கியது அது. 1957-இல் இந்தியாவில் கால் ஊன்றியது. கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. பன்னிரு படிகளில் இறைவனைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் அவரவர் அறிந்தவாறே அவனை நாடலாம். தன் இயலாமையை ஒப்புக்கொள்ளல், தன்னைத் தானே கணக்கெடுத்தல், தீங்கிழைத்தோரிடம் சென்று ஈடுசெய்தல் ஆகியவை அப்படிகளில் அடங்கும். தவ்பாவின் நிபந்தனைகளைப் பாடமாகக் கற்றவர்க்கு இவை அந்நியமாகத் தோன்றா.

ஒரு ஐயம் மட்டும் நம்மை உறுத்திற்று. அல்லாஹ் மறைத்த பாவத்தை அடியான் பறைசாற்றலாகாது என்பது நபிமொழியின் போதனை. அங்கோ ஒவ்வொருவரும் எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்கின்றனர். வெளியார்க்கும் இடமளிக்கும் கூட்டம் ஒன்றிற்கு அவருடன் சென்றோம். மர பெஞ்சுகள், தேநீர், பதினைந்து பேர். முழுப் பெயரை எவரும் கேட்கவில்லை. அங்குக் கேட்டது அங்கேயே இருக்கும் என்பது அவர்களின் ஒழுங்கு. பெருமைக்காக எவரும் பேசவில்லை. மருத்துவரிடம் புண்ணைத் திறந்து காட்டுவதைப் பாவத்தைப் பறைசாற்றல் என்பாரில்லை; இதுவும் அவ்வகையே என்று தெளிந்தோம். மாற்றுக் கருத்துடைய ஆலிம்கள் இருக்கலாம். அவர்கள் ஒருமுறை அந்தப் பெஞ்சில் அமர்ந்து கேட்டபின் தீர்ப்புரைப்பது நன்று.

பெருமானார் (ஸல்) காலத்தில் அப்துல்லாஹ் என்பார் குடித்ததற்காகப் பலமுறை தண்டனை பெற்றார். ஒருவர் அவரைச் சபித்தபோது நாயகம் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். தண்டனை நின்றது, சாபம் தள்ளப்பட்டது. நம் தெருக்களில் இதற்கு நேர்மாறு. சீர்திருத்த வழி எதுவும் காட்டுவாரில்லை, சாபத்திற்கோ குறைவில்லை. அதிலும் பெண் கொடுக்கல் வாங்கல் பேச்சில் அண்ணன் குடித்ததற்குத் தங்கை விலை கொடுக்கிறாள்.

அத்தம்பி வாரந்தோறும் தூத்துக்குடிக்குப் பேருந்தில் போய் வந்தார். போகவர ஓர் அரை நாள் கூலி போயிற்று. இருவர் மூவர் கூடினாலே அங்கு ஒரு குழு என்பதை அறிந்தபின், ஊரிலேயே ஓர் அறை தேடினார். கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவர், பெயர் கெடும் என மறுத்துவிட்டார். மதரஸாவின் மாடியறை திங்கள்தோறும் இஷாவுக்குப்பின் காலியாகவே கிடந்தது; நிர்வாகத்தாரிடம் பேசினோம். பலகை மாட்டக்கூடாது, வருவோர் எம்மதத்தவராயினும் தடையில்லை என்ற இரு நிபந்தனைகளுடன் இசைந்தனர். முதல் திங்களன்று நால்வர் வந்தனர். அவர்களுள் நம்மவர் இருவர்.

சென்ற மாதம் அவர் மனைவி மீண்டும் வந்தார். குடிநோயாளிகளின் குடும்பத்தார்க்கென 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'அல்-அனான்' என்னும் அமைப்பைப் பற்றித் தூத்துக்குடியில் கேள்விப்பட்டாராம். "எங்களுக்கு லுஹருக்குப் பொறவு கிடைச்சாப் போதும், ஹஜ்ரத். புள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள முடிச்சுருவோம்" என்றார். மாடியறையின் இன்னொரு சாவியைச் செய்யக் கொடுத்திருக்கிறோம்.