தூத்துக்குடியில் ஒரு ராத்தங்கல்

எங்க ஊரிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் ஒண்ணேகால் மணி நேரம். மிளகாய் வத்தல் விற்க, உரம் வாங்க, ஆஸ்பத்திரிக்கு என்று வருசத்துக்குப் பத்து தடவையாவது போய் வருவேன். ஆனால் இந்த நாற்பத்து மூணு வயசுக்கு ஒரு ராத்திரிகூட அங்கே தங்கினதில்லை. சாயங்காலம் நாலு மணி ஆனாலே மாட்டு ஞாபகம் வந்துடும். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவேன். சனி, ஞாயிறு லீவுங்கிறது மாட்டுக்குத் தெரியாதே.

இந்தப் புரட்டாசியில்தான் போய்த் தங்கினோம். காரணம், வேலை இல்லை. விளாத்திகுளம் பக்கம் எல்லாம் கரிசல் மானாவாரி. மழைக்கு முந்தியே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். புழுதி விதைப்பு என்று பேர். ஆறு ஏக்கர் மக்காச்சோளம். ஏக்கருக்கு ரெண்டு பை விதை, ஒரு பை ஆயிரத்து எழுநூறு ரூபாய். உழவு கூலி தனி. இனிமேல் மழை பெய்யணும், அதுவும் நல்லாப் பெய்யணும். அரைகுறையாப் பெய்தால் விதை முளைச்சுக் கருகிப் போகும். அதுக்கு மழை பெய்யாமலே இருக்கலாம்.

பிள்ளைகளுக்குக் காலாண்டு லீவு. மகள் ஏழாவது, மகன் மூணாவது. வீட்டுக்காரம்மா சொன்னா, "வாசல்ல உக்காந்து வானத்தைப் பாக்குறதுக்கு, தூத்துக்குடில உக்காந்து பாருங்க. அங்கயும் வானம்தான் இருக்கு." அம்மா, "மாட்டை நான் பாத்துக்கிடுதேன், போயிட்டு வாங்கய்யா" என்றாள். மறுத்துச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை.

சனிக்கிழமை காலையில் குளத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். குளத்தூர் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினதும் வேப்பலோடை, தருவைகுளம் பக்கம் உப்பளம் ஆரம்பிக்கும். மகன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, "யப்பா, இங்க பாரு, யாரோ பாத்தி கட்டிருக்காங்க. என்ன வெதைச்சிருக்காங்க?" என்றான். வரப்பு, பாத்தி, வாய்க்கால், மோட்டார் ரூம் எல்லாம் நம்ம தோட்டம் மாதிரியேதான் இருக்கும். பச்சைக்குப் பதிலா வெள்ளை. "உப்பு வெளையுது" என்றேன். அவன் நம்பவில்லை.

குடும்பத்தோட வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், தூத்துக்குடியில் பிள்ளைகளுக்குப் பொழுது போக பெரிய காசு வேண்டாம். லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு வெயில் தாழ முத்துநகர் கடற்கரைக்குப் போனோம். இங்கே கடல் ரொம்ப சாது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அதைச் சுற்றிப் பவளப்பாறை. அலை அங்கேயே அடங்கிவிடும். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மெரினாவில் பயந்து நிற்கிற மாதிரி இங்கே நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் கடல் கடல்தான், கண்ணை எடுக்கக் கூடாது. தூரத்தில் வ.உ.சி. துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் வரிசையாக நின்றன. மகள் அதை எண்ணினாள். மகன் மணலில் வீடு கட்டவில்லை, கண்மாய் கட்டினான். கரை போட்டு, மதகு வைத்து, ஒரு வாய்க்கால் வெட்டி கடலோடு சேர்த்துவிட்டான். ஒரு அலை வந்து நிறைந்ததும், "யப்பா, கண்மாய் நெறஞ்சிருச்சு!" என்று கத்தினான். எங்க ஊர்க் கண்மாய் நிறைந்து அவன் பார்த்தது ஒரே தடவை.

இருட்டும் நேரம் பனிமய மாதா கோயிலுக்குப் போனோம். ஆகஸ்ட் 5 திருவிழா அன்றைக்கு உள்ளே கால் வைக்க முடியாது. இப்போ அமைதியா இருந்தது. எங்க பக்கம் சாமிக்கு மதம் பார்க்கிறதில்லை. வீட்டுக்காரம்மா மெழுகுவர்த்தி வாங்கி மகள் கையில் கொடுத்து, "மழை பெய்யணும்னு கும்பிட்டுக்கோ" என்றாள். அவளும் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

ராத்திரி எட்டரைக்கு மீன்பிடித் துறைமுகம். பெரியவர்களுக்கே பிடிக்கிற இடம் இது. விசைப்படகுகள் விடியற்காலம் போய் ராத்திரிதான் கரைக்கு வரும். வந்ததும் ஏலம். சீலா, பாறை, ஊளி, கணவாய் என்று கூறுகூறாகக் கொட்டிக்கிடக்க, ஏலம் கூறுகிறவர் மூச்சு விடாமல் விலை சொல்கிறார். எங்க மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவோம், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. இங்கே எல்லாம் சத்தமாக, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. ஆனால் ஒண்ணு மட்டும் ஒரே மாதிரி இருந்தது. பிடிச்சுட்டு வந்தவர் ஓரமாக நின்று, அடுத்தவர் சொல்கிற விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டியில் நான் நிற்கிற அதே நிலை. தரை வழுக்கும், பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு பரோட்டா, சால்னா. பத்தரைக்குப் படுத்தோம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்து வடக்கே மின்னுதா என்று பார்த்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒண்ணும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிய ஆறு மணிக்கு முத்தையாபுரம் போனோம். வீட்டுக்காரம்மாவோட பெரியம்மா மகள், எனக்கு மதினி முறை, அங்கே உப்பளத்தில் வேலை பார்க்கிறார். "பிள்ளையளக் கூட்டிட்டு வெயிலுக்கு முன்ன வந்துருங்க" என்று முன்னமே சொல்லியிருந்தார். அவர் நாலு மணிக்கே வேலைக்கு வந்துவிட்டார். கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி, காலில் கிழிந்த பூட்ஸ். வெயில் ஏறினால் வெள்ளை உப்பு கண்ணைப் பறிக்கும், அதனால் பத்து, பதினொரு மணிக்குள் முடித்துவிடுவார்களாம்.

மகன் முந்தின நாள் கேட்ட கேள்விக்கு அவர்தான் பதில் சொன்னார். இங்கே பல அளத்தில் கடல் தண்ணீரை எடுப்பதில்லை, போர் போட்டு எடுக்கிறார்கள். நிலத்தடித் தண்ணீர் கடலைவிடக் கரிப்பு. அதை முதலில் பெரிய தெப்பத்தில் விட்டுக் காய வைப்பார்கள். தண்ணீர் எவ்வளவு கெட்டியாகி இருக்கு என்று மீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். கடல் தண்ணீர் சுமாரா 3 டிகிரி இருக்கும். 25 டிகிரி வந்தால்தான் பாத்தியில் உப்பு உறையும். உறைந்ததைப் பலகையால் வாரி, வரப்பில் குவித்து, பிறகு மேட்டில் அம்பாரமாகச் சேர்ப்பார்கள். உறைந்தது போக மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடணும். இல்லையென்றால் உப்பே கசக்கும்.

மகள் ஒரு கல் உப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மகன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கி, காலில் இருந்த சிராய்ப்பு எரிந்து அலறிக்கொண்டு மேலே வந்தான். மதினி சிரித்துக்கொண்டே தன் காலைக் காட்டினார். விரலிடுக்கு எல்லாம் வெடிப்பு. அவன் அதுக்கப்புறம் அழவில்லை.

தை மாசம் ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் வேலை. மழை விழுந்தால் பாத்தி கரைந்துவிடும், அந்த வருசம் அவ்வளவுதான். "இன்னும் பத்து நாள் வெயில் அடிச்சாப் போதும் தம்பி. கடைசி வாரல் வாரி ஓலை போட்டு மூடிருவோம்" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நான் வெதைச்சுப் போட்டுட்டு மழைக்குக் காத்துக்கிட்டு இருக்கேன் மதினி" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிசம் என்னைப் பார்த்தார். பிறகு, "உங்களுக்குப் பேஞ்சா எங்களுக்கு வேலை போச்சு. பேயலன்னா உங்க வெதை போச்சு. என்னத்தச் சொல்ல?" என்றார். மழைக்காலத்துக்கு அரசாங்கம் 5,000 ரூபாய் கொடுக்கிறதாம். "மூணு மாசத்துக்கு அது எங்க காணும்? பக்கத்துக் கடையில சொல்லி வச்சிருக்கேன், பாத்திரம் கழுவ."

திரும்பி வரும்போது மகள் மெதுவாக அவ அம்மாகிட்ட கேட்டாள்: "நேத்து என்னைய மழை பெய்யணும்னு கும்பிடச் சொன்னியே. பெரியம்மா பெய்யக் கூடாதுன்னுல கும்பிட்டிருப்பாங்க. மாதா யாரு சொல்றதக் கேப்பாங்க?" வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தாள். நான் பஸ் போர்டைப் பார்த்தேன்.

மத்தியானம் கடைவீதியில் மக்ரூன் வாங்கினோம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூணும்தான். வாயில் போட்டதும் கரையும். காற்றுப் படாமல் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிசுபிசுத்துவிடும். பிறகு பழைய துறைமுகம் பக்கம் கடற்கரைச் சாலையில் நடந்தோம். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர் இது. இப்பவும் இங்கேயிருந்து மரத்தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகின்றன. வெங்காயம், காய்கறியும் அதில் போகும் என்றதும் மகனுக்கு ஆச்சரியம்: "நம்ம வெங்காயமும் கப்பல்ல போகுமா?"

நாலு மணிக்கு ரோச் பூங்காவில் இருக்கும்போது தெற்கே கறுத்தது. மகன் முந்தின நாள் கட்டின கண்மாயைப் பார்க்கணும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். கிளம்புவதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. நல்ல மழை, முக்கால் மணி நேரம். ஒரு கடை ஓரத்தில் ஒதுங்கினோம். அவன் அழுதான். நான் சிரித்துக்கொண்டே ஊருக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அங்க மழை உண்டா?"

"ஒரு பொட்டு இல்லைய்யா. காத்து மட்டும் அடிக்கி."

போனை வைத்துவிட்டேன். எனக்குப் பெய்ய வேண்டியது உப்பில் பெய்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது தருவைகுளம் பக்கம் தூறல் விடவில்லை. இருட்டுகிற நேரத்தில் உப்பளத்தில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்து அம்பாரத்தை மூடினார்கள். தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு அம்மா கல்லைத் தூக்கி ஓலை மேல் வைத்தாள். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. குளத்தூர் வந்தபோது ரோடு காய்ந்து, புழுதி பறந்தது.

எங்க ஊருக்கு மழை புதன்கிழமை ராத்திரி வந்தது. மறுநாளும் பெய்தது. ஆறாம் நாள் காட்டில் வரிசை வரிசையாகப் பச்சை ஊசி குத்தின மாதிரி முளைப்பு. மயில் தின்றது போக, பழுதில்லை. முளைப்பைப் பார்த்துவிட்டு வந்து மதினிக்குப் போன் போட்டேன். வேலை முடிஞ்சு போச்சு என்றார். கடைசி வாரலில் பாதி கரைந்துவிட்டதாம். கடை வேலையும் அமையவில்லை. நான்தான் கேட்டேன், "களை எடுக்க வாறீங்களா?"

ஐப்பசியில் வந்தார், கூட ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. எட்டு நாள் எங்க வீட்டிலேயே தங்கினார்கள். வரும்போது ஒரு சாக்குக் கல் உப்பு, போகும்போது கூலியோட ஆளுக்கு ரெண்டு படி போன வருசத்து உளுந்து. கரிசல் மண்ணு ஈரத்தில் காலில் அப்பிக்கொள்ளும். "உப்புக்கு இது தேவலை தம்பி, எரியல" என்றார் மதினி.

ரெண்டு நாளைக்கு எங்களுக்கு ஆன செலவு லாட்ஜ், பஸ், சாப்பாடு, மக்ரூன் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து இருநூறு. நீங்கள் குடும்பத்தோட வந்தால், விடியற்காலம் ஒரு உப்பளத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வாரி வைத்த உப்பை மிதிக்க விடாதீர்கள்.

மகள் இன்னும் அந்தக் கேள்வியை விடவில்லை, மாதா யார் சொல்வதைக் கேட்பார் என்று. எனக்கும் தெரியவில்லை. தை மாசம் உப்பளத்தில் வேலை தொடங்கும்போது எங்க மக்காச்சோளம் அறுப்புக்கு நிற்கும். அப்போ எங்களுக்கும் மழை வேண்டாம். ரெண்டு வீடும் ஒரே மாதிரி கும்பிடலாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.